என் ஸ்கிரீனைப் பாக்குறது யாரு

விருத்தாசலம்
3 ஜூலை 2025

மச்சானுக்கு உமைரா எழுதறது. அஸ்ஸலாமு அலைக்கும்.

வாட்ஸ்அப்பு இருக்கறப்போ இவ எதுக்கு பேனாவ புடிச்சான்னு நெனப்பீங்க. காரணம் இருக்குது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு நீங்க போன் பண்ணா மாமி ஸ்பீக்கர்ல போட்டு ஹால் நடுவுல வெச்சிடறாங்க. உங்க அம்மா காதுல வுழாம ஒரு வார்த்த உங்ககிட்ட பேச வழியில்ல. என் போனு பாதி நாளு நம்ம புள்ள ஷாஸியா கையில, மீதி நாளு மாமி கையில. அதையும் நீங்கதான் செட் பண்ணி குடுத்தீங்க, உள்ள என்னென்ன வெச்சிருக்கீங்களோ. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எழுதலாம்னா, பிரச்சனையே அதுதான். அதான் லீவு முடிஞ்சு ஷார்ஜா கெளம்பற எதுத்த வூட்டு சலீம் அண்ணன்கிட்ட இத குடுத்து வுடறேன். கவர ஒட்டின எடத்து மேல குறுக்கால கையெழுத்து போட்டிருக்கேன். அது கிழிஞ்சிருந்தா எனக்கு சொல்லணும்.

விஷயத்துக்கு வரேன். என் ஸ்கிரீன யாரோ பாக்கறாங்க.

சிரிக்காதீங்க. போன மாசம் சாப்பாட்டு நேரத்துல, தபால்ல எம்.பி.ஏ. படிக்க எப்ப அப்ளிகேஷன் போடணும்னு ஒரு யுனிவர்சிட்டி பக்கத்த தொறந்து பாத்தேன். யாருகிட்டயும் சொல்லல, உங்ககிட்டயும் சொல்லல. அடுத்த வாரம் சோறு போட்டுட்டு இருக்கேன், மாமி தட்டப் பாத்துகிட்டே கேக்கறாங்க, "புள்ள பெத்தவளுக்கு இன்னும் என்னம்மா எம்.பி.ஏ.?" எனக்கு கரண்டி கையிலயே நின்னு போச்சு.

அதுக்கப்பறம் நேத்து. திருச்சி பார்ட்டிக்கு ஃப்யூஸ் கட்டை கொட்டேஷன் அடிச்சிட்டு டீ கிளாஸ கையில எடுத்தேன். மவுஸ்ல கையே இல்ல. ஸ்கிரீன்ல அம்பு மட்டும் தானா நகந்து, நான் கீழ சின்னதாக்கி வெச்சிருந்த இன்னொரு பக்கத்து மேல போய் நின்னுது. கொஞ்ச நேரம் அங்கயே நின்னுட்டு அப்பறம் வுட்டுடுச்சு.

நம்ம பீங்கான் கம்பெனியில களிமண் தூசி அடைச்சு கம்ப்யூட்டர் எல்லாம் ஒண்ணொண்ணா செத்துகிட்டு இருந்தப்போ, லீவுல வந்த நீங்கதான் இந்த விர்ச்சுவல் டெஸ்க்டாப்ப போட்டீங்க. ஏசி ரூமுல ஒரு பெரிய சர்வர், எல்லாரோட கம்ப்யூட்டரும் அதுக்குள்ளதான், மேசையில இருக்கற சின்னப் பொட்டி வெறும் ஜன்னல்னு சொன்னீங்க. ஜன்னல்னா ரெண்டு பக்கத்துல இருந்தும் பாக்கலாமில்ல?

சர்வர் ரூம் சாவி உங்க தம்பி ஃபாயிஸ்கிட்ட இருக்குது. கம்பெனிய நடத்தறவரு, அவருகிட்ட இருக்க வேண்டியதுதான். ஆனா தெனமும் சாயங்காலம் மாமி பக்கத்துல உக்காந்து குசுகுசுன்னு பேசறதும் அவருதான். மாமி இப்போ "இவள கம்பெனிக்கு அனுப்பித்தான் ஆகணுமா"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா போதும், நான் வூட்டோட கெடக்கணும். அது என்னால முடியாது மச்சான். காலையில பஸ்ஸு ஏறி அந்த ஆர்டர் மேசையில போய் உக்காந்தாத்தான் எனக்கு நான் இருக்கேன்னே தோணுது.

யாரு பாக்கறாங்கன்னு கண்டுபுடிச்சு சொல்லுங்க.

உமைரா


ஷார்ஜா
16 ஜூலை 2025

அன்புள்ள உமைராவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். சலீம் கவரைக் கொடுத்தான். கையெழுத்து கிழியவில்லை. அவன் முன்னாலேயே பிரித்தேன், "என்ன மச்சான், லவ் லெட்டரா" என்று கிண்டல் வேறு.

பயப்பட ஒன்றும் இல்லை. ஒருவர் ஸ்கிரீனை இன்னொருவர் பார்க்க முடியுமா என்றால் முடியும், ஆனால் அட்மினால் மட்டும்தான் முடியும். அந்த சிஸ்டத்துக்கு அட்மின் நான் ஒருவன். இங்கே ஒரு ஆபீஸ் முழுக்க என் தலையில் இருக்கிறது, உன் கொட்டேஷனைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏது நேரம்?

அம்பு நகர்ந்தது லைன் கோளாறாக இருக்கும். பாதிக் கோளாறு நீங்கள் பயன்படுத்தும் விதத்தால் வருவது. சாயங்காலம் மானிட்டரை அணைத்து, தூசி படாமல் பழைய லுங்கியைப் போட்டு மூடிவிட்டு எல்லாரும் கிளம்பிவிடுகிறீர்கள். மானிட்டர் அணைந்தால் கம்ப்யூட்டர் அணைந்ததாக அர்த்தம் இல்லை. சர்வருக்குள் உங்கள் வேலை அப்படியே திறந்து கிடக்கும். லாக் அவுட் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், அனைவரும்.

அதேபோல் டெஸ்க்டாப் முகப்பில் எதையும் சேமிக்காதே. லாக் அவுட் ஆனதும் சிஸ்டம் முகப்பைத் துடைத்துப் புதிதாக்கிவிடும். உன் பெயரில் டி டிரைவில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது, அதில்தான் போட வேண்டும். கணக்கு எழுதும் பிரபா போன வாரம் ஜிஎஸ்டி ஃபைல் காணோம் என்று அழுதது இதனால்தான், யாரும் திருடவில்லை.

இன்னொன்று. சனிக்கிழமை காலை முழுக்க சர்வர் சும்மா கிடக்கிறது, பத்தரை ஆனதும் ஆறு பேரும் ஒரே நேரத்தில் லாக்-இன் செய்து அதைத் திணறடிக்கிறீர்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஒருவர் உள்ளே போய் ஸ்கிரீன் வந்த பிறகு அடுத்தவர் போக வேண்டும்.

ஃபாயிஸ் விஷயம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. சிஸ்டம் போட்ட புதிதில் அவனிடம் அட்மின் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தேன். பிறகு மாற்றினேனா என்று நினைவில்லை. அவன் விளையாட்டாக எதையாவது பார்த்திருக்கலாம். பெரிதுபடுத்தாமல் கொஞ்சம் கவனித்துக்கொள்.

ஷாஸியாவுக்கு என் முத்தம்.

ரயீஸ்


விருத்தாசலம்
31 ஜூலை 2025

மச்சான்,

நீங்க சொன்னபடியெல்லாம் பண்ணிட்டேன். எல்லாரையும் லாக் அவுட் பண்ண வெச்சு, நானே ஒவ்வொரு மேசையா போய் பாத்துட்டுதான் கெளம்பறேன். பிரபாவுக்கு ஃபோல்டர் காட்டிக் குடுத்தேன், "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் அழுதிருக்க மாட்டேனேக்கா"ன்னு மறுபடி அழுவுது.

சனிக்கிழமை கத கேளுங்க. அன்னைக்கு ஒம்போதுல இருந்து பத்தரை வரைக்கும் ராகுகாலம். சூளை பாக்கற ராஜாங்கம் அண்ணன் அதுல புதுசா ஒண்ணத்தயும் தொடங்க வுட மாட்டாரு, உங்க அத்தா உயிரோட இருந்த காலத்துலயே அப்படித்தான். பத்தரை அடிச்சதும் ஆறு பேரும் ஒண்ணா பட்டனத் தட்டறாங்க, மெஷினு முழிக்குது. நான் போய் கேட்டேன், "அண்ணே, எட்டே முக்காலுக்கே ஆரம்பிச்சு வெச்சிட்டா, ராகுகாலத்துல அது பாட்டுக்கு ஓடிகிட்டுதான இருக்கும், புதுசா தொடங்கினதா ஆவாதில்ல?" கொஞ்ச நேரம் தாடிய சொறிஞ்சாரு. "ஆவாதும்மா, சூளைக்கும் அப்படித்தான நெருப்ப வெக்கறோம்"னுட்டாரு. இப்ப சனிக்கிழமை எட்டே முக்காலுக்கு ஒவ்வொருத்தரா உள்ள போறாங்க. திணறலே இல்ல.

நல்லது இவ்ளோதான். மீதிய சொல்றேன்.

உங்க லெட்டர படிச்சிட்டு மனசு கேக்காம ஃபாயிஸ் தம்பிய நேரா கேட்டுட்டேன். பிரபா இருக்கறப்பவே கேட்டது என் தப்பு. "என் ஸ்கிரீன பாத்து மாமிகிட்ட சொல்றது நீங்கதானா"ன்னேன். அவரு மொகம் செவந்து போச்சு. சர்வர் ரூம் சாவிய வளையத்துல இருந்து கழட்டி என் மேசையில வெச்சிட்டு, "இனிமே நீங்களே வெச்சுக்குங்க அண்ணி"ன்னுட்டு போயிட்டாரு. அன்னையில இருந்து மத்தியானத்துக்கு வூட்டுக்கு வர்றதில்ல, பாலக்கரை ஹோட்டல்ல சாப்புடறாரு, சாயங்காலம் மாமி பக்கத்துல உக்கார்றதும் இல்ல. மாமி காரணம் கேட்டு என்னையே மொறைக்கறாங்க.

இப்ப கேளுங்க. சாவி என் கையில வந்தப்பறம், சர்வர் ரூம பூட்டி சாவிய பர்சுல போட்டுகிட்டு, ஒரு நாளு மத்தியானம் நீலக் கலர் ஸ்கூட்டி ஒண்ணு என்ன வெலன்னு பாத்தேன். ரெண்டு நாளுல மாமி, "நம்ம வூட்டுப் பொம்பளைங்க வண்டி ஓட்டினதில்ல"ன்னு செவுத்துகிட்ட சொல்ற மாதிரி சொன்னாங்க.

ஃபாயிஸ் தம்பிதான் அவங்ககிட்ட பேசறதே இல்லயே. அப்ப யாரு சொன்னது?

"அட்மின் நான் ஒருவன்"னு எழுதியிருந்தீங்க. அந்த வரிய திரும்பத் திரும்பப் படிச்சேன் மச்சான். வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

உமைரா


ஷார்ஜா
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள உமைராவுக்கு,

திரும்பத் திரும்பப் படித்தாயா? என்ன சந்தேகப்படுகிறாய், நேராகவே எழுதேன்.

சாவி உன்னிடம் இருப்பதால் ஒன்றும் ஆகாது. பாஸ்வேர்டு தெரிந்தவன் எந்த மேசையிலிருந்தும் பார்க்கலாம், வீட்டிலிருந்துகூடப் பார்க்கலாம். ஃபாயிஸ் அம்மாவிடம் பேசுவதில்லை என்று உனக்கு எப்படித் தெரியும்? போன் என்று ஒன்று இல்லையா? இந்த வாரம் பாஸ்வேர்டை மாற்றிவிடுகிறேன், அதோடு விடு. அவனிடம் மறுபடி இதைப் பேசாதே. அம்மா காதுக்குப் போனால் வீடு இரண்டாகிவிடும்.

ராஜாங்கம் அண்ணனை வழிக்குக் கொண்டுவந்தது நல்ல வேலை. உனக்கு இந்த வேலை வருகிறது. மேலும் கொஞ்சம் சொல்கிறேன், தெரிந்துகொள்.

எல்லாருடைய டெஸ்க்டாப்பும் ஒரே மூலப் பிரதியிலிருந்து வார்க்கப்படுகிறது. நம் கப்பு சாசருக்கு மூல அச்சு இருக்கிறதே, அப்படி. அதில் ஒரு கீறல் விழுந்தால் ஆறு பேர் மேசையிலும் அந்தக் கீறல் வரும். அதனால் எந்த அப்டேட்டையும் நேராக மூலத்தில் போடக் கூடாது. யாருக்கும் கொடுக்காத ஏழாவது டெஸ்க்டாப் ஒன்று வைத்திருக்கிறேன். முதலில் அதில் போட்டு, பிரிண்டர் வேலை செய்கிறதா, டாலி கணக்கு திறக்கிறதா என்று சில நாள் பார்த்த பிறகுதான் மூலத்துக்குப் போக வேண்டும். போகும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்தால், கெட்டுப்போனாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஸ்னாப்ஷாட்டை மாதக்கணக்கில் அப்படியே விட்டாலும் இடத்தை அடைத்து சர்வரை மந்தமாக்கும், வேலை முடிந்ததும் நீக்கிவிட வேண்டும்.

கடைசியாக ஒரு பொது விதி. கம்பெனி சிஸ்டத்தில் கம்பெனி வேலை மட்டும். ஸ்கூட்டி, படிப்பு எல்லாம் அதில் தேடினால் யாராவது பார்க்கத்தான் செய்வார்கள்.

ரயீஸ்


ஷார்ஜா
27 ஆகஸ்ட் 2025

உமைரா,

யாரும் ஊருக்குக் கெளம்பற வரைக்கும் காத்திருக்க முடியாம கூரியர்ல அனுப்பறேன்.

திட்டக்குடியில உனக்கு எதுக்கு வாடகை வூடு? ரெண்டு ரூமு, தனி வாசல், ஸ்கூலு பக்கத்துல. ஸ்கூலுன்னா ஷாஸியாவையும் கூட்டிட்டுப் போற முடிவுல இருக்க. உங்க அத்தா வூடு அங்கயே நாலு தெரு தள்ளி இருக்கறப்போ தனி வூடு எதுக்கு, அதுவும் யாருக்கும் தெரியாம? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? நான் இங்க அம்பது டிகிரி வெயில்ல எதுக்கு கெடக்கறேன், யாருக்காக கெடக்கறேன்?

அம்மா சொன்னப்பல்லாம் நான் நம்பல. அவ அப்படிப்பட்டவ இல்லன்னு அம்மாகிட்ட சண்ட போட்டேன். இப்ப என்ன சொல்லச் சொல்ற?

அந்த வூட்டு நம்பருக்கு போன் பண்ணியா இல்லயா? உண்மைய எழுது.

ரயீஸ்


விருத்தாசலம்
2 செப்டம்பர் 2025

ரயீஸ் மச்சானுக்கு,

கூரியர் நல்ல வேகம்.

நான் அத எந்த நாளு தேடினேன் தெரியுமா? ஃபாயிஸ் தம்பி கண்காட்சிக்கு பெங்களூரு போனப்போ. அவரு கையில வெறும் சாம்பிள் பொம்மைங்க, லேப்டாப்பு கூட எடுத்துட்டுப் போவல. மேசைய திருப்பிப் போட்டு செவுத்துல முதுக சாச்சுகிட்டு உக்காந்தேன். பிரபா லீவு. ராஜாங்கம் அண்ணன் சூளையில. திட்டக்குடியில வாடகைக்கு வூடுன்னு நான் தட்டினது எனக்கும் அந்த சர்வருக்கும் மட்டும்தான் தெரியும். வாயால யாருகிட்டயும் சொல்லல. மாமி கூட ஒண்ணும் கேக்கல. அவங்களுக்கு சொல்றதுக்குள்ள உங்களுக்கு ஆத்திரம் வந்துடுச்சு போல. தனி வாசல்னு கூட எழுதியிருக்கீங்க. அது விளம்பரத்துல நாலாவது வரியில இருந்துது மச்சான், அந்த அளவுக்கு படிச்சிருக்கீங்க.

உங்களுக்குத்தான் அந்த வலைய போட்டேன். நீங்க மாட்டக் கூடாதுன்னு துவாவும் கேட்டேன். ரெண்டையும் ஒரே மனசோடதான் பண்ணேன்.

நீங்க பாத்தது எனக்குப் பெருசு இல்லன்னு சொல்ல மாட்டேன். பெருசுதான். ஆனா அத வுடப் பெருசு, உங்க தம்பி தலையில அத தூக்கி வெச்சது. பாஸ்வேர்டு மாத்தினேனான்னு நெனவில்லன்னு எவ்ளோ சுளுவா எழுதிட்டீங்க. உங்க பேச்ச நம்பி நான் அந்த மனுஷன பிரபா முன்னாடி கேட்டேன். அவரு இன்னும் ஹோட்டல்லதான் சாப்புடறாரு. அது தெரிஞ்சும் "அவனிடம் மறுபடி இதைப் பேசாதே"ன்னு எழுதறீங்க. பேசினா உண்ம வெளிய வந்துடும்ல.

நான் சொல்றத செய்ங்க. இது கையில கெடச்சதும் வர்ற ஜும்மா முடிஞ்சு போன் பண்ணி, ஸ்பீக்கர்ல, மாமியும் ஃபாயிஸ் தம்பியும் இருக்கறப்ப, பாத்தது நான்தான்னு சொல்லுங்க. அட்மின் பாஸ்வேர்டு எங்க கைக்கு வரணும். கம்பெனி இங்க இருக்குது, மண்ணு இங்க இருக்குது, அட்மின் மட்டும் ஷார்ஜாவுல எதுக்கு?

முடியாதுன்னா அதையும் எழுதுங்க. அந்த வூட்ட பொய்யாத்தான் தேடினேன். தேடத் தேட ஒரு வூடு புடிச்சுப் போச்சு. வூட்டுக்காரம்மா நம்பரு என் பர்சுல இருக்குது. இன்னும் பண்ணல.

உமைரா


ஷார்ஜா
11 செப்டம்பர் 2025

உமைரா,

இத நாலஞ்சு தடவ எழுதிக் கிழிச்சேன்.

மொதல்ல சும்மாதான் ஆரம்பிச்சுது. ஏப்ரல்ல உன் பிரிண்டர் வரலன்னு சொன்னப்ப உள்ள வந்து பாத்தேன். வேல முடிஞ்சும் வெளிய போவல. நீ டைப் பண்றத பாத்துகிட்டே இருந்தேன். ஒரு வார்த்தய அடிப்ப, அழிப்ப, மறுபடி அடிப்ப. இங்க ரூமுல பன்னெண்டு பேரு, ஒருத்தன் மூஞ்சி இன்னொருத்தனுக்கு புடிக்காது. உன் பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரி இருந்துது. அன்னைக்கு அம்பு நகந்ததும் நான்தான், தெரியாம கை பட்டுடுச்சு.

அப்பறம் அம்மா போன்ல "கம்பெனிக்குப் போற புள்ள யாரு யாருகிட்ட பேசுதோ"ன்னு ஒரு நாளு இழுத்தாங்க. அது உள்ள போய் உக்காந்துகிச்சு. அதுக்கப்பறம் நான் பாத்தது வேற பார்வ. உன்னோட எம்.பி.ஏ.வ அம்மாகிட்ட சொன்னதும் நான்தான். என்கிட்ட சொல்லாம வேற யாருக்கு சொல்லப் போறன்னு கோவம். ஃபாயிஸ் விஷயத்துல நான் கோழ. அவ்ளோதான், அதுக்கு வேற பேரு இல்ல.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை போன் பண்றேன். ஸ்பீக்கர்ல போடச் சொல்லு.

பாஸ்வேர்டு. முழுசா ஒரு எடத்துல எழுதக் கூடாதுன்னு நானே பத்து பேருக்கு சொல்லிக் குடுக்கறவன், அதனால பாதிய இந்தக் கடிதத்துக்குள்ள தனிச் சீட்டுல வெச்சிருக்கேன், பாதிய ஃபாயிஸுக்கு மெசேஜ்ல அனுப்பறேன். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துதான் போட முடியும். உள்ள போனதும் மொத வேலையா அத மாத்திடுங்க, எனக்கு சொல்லாதீங்க. தெனசரி வேலைக்கு அந்த அட்மின் பேருல போவாத, அதுக்கு உன் சாதாரண பேரே போதும். எனக்கு சர்வர பாத்துக்கறதுக்கு மட்டும் ஒரு சின்ன லாக்-இன் கணக்கு வெச்சா போதும்.

அப்பறம் ஒண்ணு. அடுத்தவங்க ஸ்கிரீன பாக்கறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட அனுமதி கேக்கற மாதிரி ஒரு செட்டிங் இருக்குது. ஆரம்பத்துலயே நான் அத போட்டிருக்கணும், வேணும்னேதான் போடல. எங்க இருக்குதுன்னு சீட்டுக்குப் பின்னாடி எழுதியிருக்கேன். அத போட்டா நான் உள்ள வரணும்னாலும் உன்ன கேக்கும். நீ ஆமான்னு அழுத்தினாத்தான் வர முடியும்.

அந்த நம்பருக்கு பண்ணாத. இது மெரட்டல் இல்ல, கெஞ்சறேன்.

ரயீஸ்


விருத்தாசலம்
28 செப்டம்பர் 2025

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். சலீம் அண்ணனோட தம்பி கெளம்பறாரு, அவருகிட்ட குடுக்கறேன். இந்தத் தடவ கவர் மேல கையெழுத்து போடல.

நீங்க போன்ல எல்லாத்தையும் சொல்லி முடிச்சீங்க. மாமி ரொம்ப நேரம் போனயே பாத்துகிட்டு இருந்தாங்க. அப்பறம் அவங்களே ஸ்பீக்கர அணைச்சிட்டு போன என் கையில குடுத்துட்டு அடுப்படிக்கு போயிட்டாங்க. அன்னைக்கு நான் போன வெச்சிட்டேன். இவ்ளோ வருஷத்துல அவங்க ஸ்பீக்கர அணைச்சு நான் பாத்ததே இல்ல.

ஃபாயிஸ் தம்பிகிட்ட பிரபா இருக்கறப்பவே மன்னிப்பு கேட்டேன். "வுடுங்க அண்ணி, ஹோட்டல் சாம்பார்ல வவுறு கெட்டுதான் போச்சு"ன்னாரு. மறுநாளு ரெண்டு பேரும் சர்வர் ரூமுல உக்காந்து, அவரு பாதி, நான் பாதி தட்டினோம். ரெண்டு தடவ தப்பாச்சு. அவரு எனக்கு மறைச்சு தட்டறாரு, நான் அவருக்கு மறைச்சு தட்டறேன், இதுல யாரு தப்புன்னு சண்ட வேற. உள்ள போய் மாத்திட்டோம். உங்களுக்கு சின்ன கணக்கு ஒண்ணு வெச்சிருக்கோம். அனுமதி கேக்கற செட்டிங்க ஆறு பேருக்கும் போட்டாச்சு.

எம்.பி.ஏ.வுக்கு அப்ளிகேஷன் போட்டுட்டேன். கேக்கல, சொல்றேன்.

பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரின்னு எழுதியிருந்தீங்க. படிச்சப்ப எனக்கு அழுவ வந்துது. ஆனா பக்கத்துல உக்காந்தவன் மூஞ்சி எனக்கும் தெரியணுமில்ல மச்சான். நீங்க என்ன பாத்தீங்க, நான் கொட்டேஷன பாத்துகிட்டு இருந்தேன். எனக்கும்தான் உங்கள பாக்கணும் போல இருக்கும், நான் எங்க போய் பாக்கறது?

செவ்வாக்கிழமை மத்தியானம் அந்தப் பொட்டி என் ஸ்கிரீன்ல வந்துது. ரயீஸ் உங்கள் திரையைப் பார்க்க அனுமதி கேட்கிறார், ஆம், இல்லை. வேல ஒண்ணும் பெருசா இல்ல, ஆமான்னு அழுத்தியிருக்கலாம். இல்லன்னு அழுத்தினேன். இல்லன்னா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு பாக்கணும்னு இருந்துது.

பொட்டி மறைஞ்சுடுச்சு. மறுபடி கேப்பீங்கன்னு சாயங்காலம் வரைக்கும் ஸ்கிரீனையே பாத்துகிட்டு இருந்தேன். கேக்கல. ஏன் இல்லன்னேன்னு கேட்டு மெசேஜும் வரல. வெள்ளிக்கிழமை போன்லயும் அதப் பத்தி நீங்க பேசல, ஷாஸியாவுக்கு காய்ச்சல் வுட்டுச்சான்னு மட்டும் கேட்டீங்க.

வூட்டுக்காரம்மா நம்பரு எழுதின சீட்ட அன்னைக்குத்தான் கிழிச்சேன்.

இனிமே சாப்பாட்டு நேரத்துல கேளுங்க. அப்ப நான் தனியாத்தான் இருப்பேன்.

உமைரா